விழுந்த கால் வென்ற கதை

கால் லேசா சுளுக்கினா போதும், நாம கிரவுண்டு பக்கமே தலைகாட்ட மாட்டோம். பின்லாந்து ஓட்டவீரர் பாவோ நுர்மியைப் பாருங்க.

1897-ல் துர்க்கு நகரில் பிறந்தார். 12 வயதில் தந்தையை இழந்து, ரொட்டிக்கடை வண்டியை மேட்டில் தள்ளி உழைத்தார். நம்மைப் போலவே தொழிற்கல்வி படித்தவர்!

1924 ஈஸ்டர் சமயம். பனியில் வழுக்கி விழுந்து முழங்காலில் அடி. பாரிஸ் ஒலிம்பிக்குக்கு மூணு மாசம்கூட இல்லை. ஆனால் அவர் பயிற்சி வெறும் ஓட்டமல்ல. நீண்ட நடை, உடற்பயிற்சி எல்லாம் கலந்தது. தேறி வந்ததும் தினம் இருவேளைப் பயிற்சி. ஜூன் 19-ல் ஹெல்சின்கியில், ஒரு மணி நேர இடைவெளியில் 1500, 5000 மீட்டர் இரண்டிலும் உலக சாதனை! ஜூலையில் பாரிஸில் ஐந்து தங்கம். 1973-ல் மறைந்தார்.

கால் ஓய்வு கேட்டா ஓட்டத்தை நிறுத்துங்க, பயிற்சியை நிறுத்தாதீங்க!