ஒன்றரை டாலரில் ஒரு கல்லூரி

மேரி மெக்லியோட் பெத்யூனைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 1875-இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பினப் பெற்றோரின் 17 பிள்ளைகளில் ஒருவராகப் பிறந்தவர். முன்பின் அறியாத ஒரு தையற்காரப் பெண்மணி கட்டிய பணத்தில்தான் மேல்படிப்பு படித்தார்.

1904-இல் ஃப்ளோரிடாவின் டேடோனாவில், கையிலிருந்த ஒன்றரை டாலரோடு ஐந்து சிறுமிகளுக்குப் பள்ளி தொடங்கினார். சர்க்கரைவள்ளிக்கிழங்கில் பலகாரம் செய்து விற்றார். வீடு வீடாகச் சென்று நன்கொடை கேட்டார். சோப்புத் தொழிலதிபர் ஜேம்ஸ் கேம்பிளை அறங்காவலராக்கினார். 1931-இல் அது இரண்டாண்டுக் கல்லூரியானது. 1955-இல் அவர் மறைந்தார். இன்று அது பல்கலைக்கழகம்.

நம் வளாகத்தில் வேலை செய்வோரின் பிள்ளைகள் யாருக்காவது கல்லூரிக் கட்டணம் குறைகிறதா? நீங்களும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்.