படுக்கையில் இருந்தும் நன்றி சொன்ன டோனாவூர் அம்மா

திருநெல்வேலி ஜில்லாவில், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் டோனாவூர் என்ற சிற்றூர் இருக்கிறது. கேட்டால் தமிழ்ப் பெயராகத் தோன்றாது. ஜெர்மனி தேசத்துப் பிரபு ஒருவர், டோனா என்பது அவர் பெயர், அங்கே கோவில் கட்டப் பணம் கொடுத்தார். ஊருக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

அந்த ஊரில், ஓர் அறையில், ஒரு மாது ஏறக்குறைய 20 ஆண்டுகள் நோயாளியாக இருந்தார். வலியோடு இருந்தார். அப்படி இருந்தும் கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் பெயர் ஏமி கார்மைக்கேல். டோனாவூர்க் குழந்தைகளுக்கு அவர் அம்மா.

நீலக் கண்கள்

ஏமி 1867-ம் ஆண்டு டிசம்பர் 16-ந் தேதி அயர்லாந்து தேசத்தில் மில்லைல் என்ற கடலோர ஊரில் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் மூத்தவர்.

சிறு குழந்தையாக இருந்தபோது அவருக்கு ஒரே ஆசை. தன் பழுப்பு நிறக் கண்கள் நீலமாக மாற வேண்டும். கேட்டால் கடவுள் தருவார் என்று தாயார் சொல்லி இருந்தார். குழந்தை இரவில் ஜெபம் செய்துவிட்டுத் தூங்கியது. காலையில் நாற்காலியில் ஏறிக் கண்ணாடியைப் பார்த்தது. கண்கள் பழுப்பாகவே இருந்தன! குழந்தைக்கு ஏமாற்றம். இல்லை என்பதும் ஒரு பதில்தான் என்று வீட்டில் எடுத்துச் சொன்னார்கள்.

பல ஆண்டுகள் கழித்து, தமிழ்நாட்டில் புடவை கட்டிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனபோது, அந்தப் பழுப்புக் கண்கள் எவ்வளவு உதவி என்று அவருக்குப் புரிந்தது. கேட்டது கிடைக்காமல் போனதற்காக நன்றி சொன்னார்.

தமிழ்நாட்டுக்கு வந்தார்

17 வயதில் தகப்பனார் இறந்தார். ஏமி பெல்பாஸ்ட் நகரத்தில் ஆலைத் தொழிலாளிப் பெண்களுக்காக உழைத்தார். 1893-ல் ஜப்பான் போனார். உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. 1895-ல் பெங்களூர் வந்து, பிறகு திருநெல்வேலிச் சீமைக்கு வந்தார். அதன்பின் சொந்த நாட்டுக்குத் திரும்பவே இல்லை.

வாக்கர் என்ற பாதிரியாரிடம் தமிழ் படித்தார். பொன்னம்மாள் முதலிய தமிழ்ப் பெண்களோடு மாட்டு வண்டியில் ஊர் ஊராகச் சென்றார். வெள்ளைக்கார மாது புடவை கட்டியதை மற்ற வெள்ளைக்காரர்கள் ரசிக்கவில்லை. அவர் பொருட்படுத்தவில்லை.

ஓடி வந்த சிறுமி

தாமிரபரணிப் பாசனத்தால் செழித்த பண்ணைவிளையில் அவர் தங்கி இருந்த சமயம். 1901-ம் ஆண்டு மார்ச் மாதம். ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி அவரிடம் வந்து சேர்ந்தாள். அவள் பெயர் பிரீனா. பக்கத்தில் உள்ள பெருங்குளத்தில் கோவில் தாசியாக்குவதற்காக விடப்பட்டவள். முன்பு ஒரு முறை தப்பித் தாயிடம் ஓடினாள். திரும்பவும் பிடித்துக் கொண்டுபோய்க் கையில் சூடு போட்டார்கள். இரண்டாம் முறை ஓடியவள் ஏமியின் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

அன்று முதல் அவர் வாழ்வு மாறியது. அதே ஆண்டில் டோனாவூருக்குப் போனார். அடுத்தடுத்துக் குழந்தைகள் வந்தார்கள். 1918 முதல் ஆண் குழந்தைகளையும் சேர்த்தார். (பெண்களைப் பொட்டுக் கட்டி விடும் வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-ல்தான் வந்தது.)

துக்கமும் குறைவில்லாமல் வந்தது. ஆரம்ப காலத்தில் நெய்யூரில் நடத்திய குழந்தைகள் விடுதியில் வயிற்றுக்கடுப்பு பரவி, பத்துக் குழந்தைகள் இறந்தன. 1912-ல் வாக்கர் பாதிரியார் இறந்தார். 1915-ல் வலது கையாக இருந்த பொன்னம்மாளைப் புற்றுநோய் கொண்டுபோயிற்று. ஏமி அழுதார். அழுதுவிட்டு மறுநாள் வேலையைப் பார்த்தார்.

1919-ல் ஆங்கில அரசாங்கம் கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் கொடுத்தது. அதை வாங்கச் சென்னைக்கு அவர் போகவில்லை.

பேசாத ஜெபம்

பணம் வேண்டும் என்று அவர் யாரிடமும் கேட்பது இல்லை. கடவுளிடம்தான் கேட்பார். ஆனால் அவர் ஜெபம் கேட்பதோடு நின்றுவிடவில்லை.

தம்மோடு இருந்தவர்களுக்கு அவர் மூன்று விஷயங்கள் சொல்லிக்கொடுத்தார். கடவுளுக்கு எல்லாம் தெரியும்; விளக்கிச் சொல்ல வேண்டியது இல்லை. அவர் கொடுக்க மனம் இல்லாதவர் அல்ல. நச்சரிக்க வேண்டியது இல்லை. என்ன செய்வது என்பதும் அவருக்குத் தெரியும். யோசனை சொல்ல வேண்டியது இல்லை.

இந்த மூன்றையும் கழித்துவிட்டால் நம்முடைய ஜெபத்தில் என்ன மிச்சம் இருக்கும்? வீட்டில் ஒரு நாள் கழித்துப் பாருங்கள். பேச்சு நின்றுபோகும். அமைதியாக உட்காருவதும், நன்றி சொல்வதும்தான் மிஞ்சும். அம்மாவின் ஜெபம் பெரும்பாலும் அதுவாகவே இருந்தது.

1927-ல் டோனாவூரில் ஜெப வீடு ஒன்று கட்டினார்கள். அப்போது ஆஸ்பத்திரிக்கு நல்ல கட்டடம் கிடையாது. நோயாளிகளுக்கு இடம் இல்லாதபோது ஜெப வீடு எதற்கு என்று நமக்குக் கேட்கத் தோன்றும். அம்மா முதலில் ஜெப வீடு என்றார். பிறகு ஆஸ்பத்திரியும் எழுந்தது.

களக்காட்டுக் குழி

1931-ம் ஆண்டு அக்டோபர் மாதம். பக்கத்து ஊரான களக்காட்டில் வைத்திய வேலைக்காக ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தார்கள். அதைப் பார்க்க அம்மா போனார். பொழுது சாய்ந்துவிட்டது. கக்கூசுக்காக வெட்டிய குழி ஒன்று, இருக்கக்கூடாத இடத்தில் இருந்தது. இருட்டில் அதற்குள் விழுந்துவிட்டார்.

கால் எலும்பு முறிந்தது. கணுக்கால் பிசகியது. முதுகிலும் அடி. லாரியில் ஏற்றி நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வைத்தியம் பார்த்தவர் டாக்டர் சாமர்வெல். எவரெஸ்ட் சிகரம் ஏற 1922-லும் 1924-லும் முயன்ற வீரர் அவர்.

அன்று காலையில்தான் அம்மா ஒரு ஜெபம் செய்திருந்தார். தம்மை இன்னும் பயனுள்ளவளாக்க எதை வேண்டுமானாலும் கடவுள் செய்யட்டும் என்பது அந்த ஜெபம்.

சில வாரங்களில் நடக்கலாம் என்று எல்லாரும் நினைத்தார்கள். நடக்க முடியவில்லை. அப்போது அவருக்கு வயது 63.

அந்த அறை

ஓடி ஓடி உழைத்தவருக்கு ஓர் அறையே உலகமாயிற்று. இரவில் தூக்கம் வராது. நாள் தவறாமல் வலி. வலி இனிக்கிறது என்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை. நோயாளிக்கு ஆறுதல் சொல்லும் புத்தகங்கள் சில அவருக்கு எரிச்சலாகவே இருந்தன. நல்ல உடம்போடு இருப்பவர்கள் எழுதியவை அவை! அதனால் நோயாளியாக இருந்தே மற்ற நோயாளிகளுக்குக் கடிதங்கள் எழுதினார். அவை 1933-ல் புத்தகமாக வந்தன.

நோயில் இருந்தபடியே 13 புத்தகங்கள் எழுதினார். குழந்தைகள் அறைக்கு வந்து போவார்கள். வேலையாட்களுக்குச் சிறு சீட்டுகள் எழுதி அனுப்புவார். ஜன்னலில் பறவைகளைப் பார்த்துக்கொண்டு இருப்பார். கிடைத்த பூ, வந்த கடிதம், வலி சற்றுத் தணிந்த ஒரு மணி நேரம், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே நன்றி. வண்டியில் ஊர் சுற்றிய அம்மாவைவிட இந்த அறையில் கிடந்த அம்மாதான் பெரியவர் என்று எனக்குத் தோன்றுகிறது. ஊர் சுற்றுவதற்குத் தைரியம் இருந்தால் போதும்.

1948-ல் அறையிலேயே மறுபடியும் விழுந்தார். அதன்பின் எழுந்து நடமாடவே இல்லை. 1951-ம் ஆண்டு ஜனவரி 18-ந் தேதி, 83-வது வயதில், தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது.

தம் கல்லறையில் கல் நாட்டக் கூடாது என்று முன்பே சொல்லி இருந்தார். அப்படியே செய்தார்கள். பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல் தொட்டி மட்டும் வைத்தார்கள். அதில் அம்மை என்று ஒரே ஒரு வார்த்தை செதுக்கி இருக்கிறது.