மனசுக்குள்ளே தேடிய மதுரைப் பையன்



இந்த முறை நான் எழுத எடுத்துக்கொண்டது ரமண மகரிஷியின் வாழ்க்கை வரலாறு. வெள்ளைத் தாடியும் கோவணமுமாக இருக்கும் அவர் படத்தைப் பல வீடுகளில் பார்த்திருப்பீர்கள். அவர் நம்ம மதுரையில் நம்மைப் போலவே பள்ளிக்கூடம் போன பையன் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது.

அவர் 1879 டிசம்பர் 30-ஆம் நாள் திருச்சுழியில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் வேங்கடராமன். அப்பா சுந்தரம் ஐயர் வக்கீல் வேலை பார்த்தவர். அம்மா அழகம்மாள். 1892-இல் அப்பா இறந்துவிட்டார். வேங்கடராமனும் அண்ணன் நாகசாமியும் மதுரையில் சித்தப்பா வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் சொக்கப்ப நாயக்கன் தெருவில் அந்த வீடு இருக்கிறது. ஸ்காட் நடுநிலைப் பள்ளியிலும், பிறகு அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியிலும் படித்தார்.

படிப்பில் அவ்வளவு ஆர்வம் கிடையாது. ஆனால் தமிழ்ப் பாடத்தை ஒரு தடவை கேட்டாலே போதும், அப்படியே திருப்பிச் சொல்லிவிடுவாராம்! கால்பந்து, மல்யுத்தம், நீச்சல் என்றால் உயிர். அவர் தூக்கம் இன்னும் வேடிக்கை. விழித்திருக்கும்போது அவரிடம் மோதப் பயப்படும் பசங்க, தூங்கும்போது தூக்கிக்கொண்டு போய் நன்றாக அடித்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து படுக்க வைத்துவிடுவார்களாம். காலையில் அவருக்கு ஒன்றுமே தெரியாதாம்.

1896 ஜூலை மாதம். அப்போது அவருக்கு 16 வயது. சித்தப்பா வீட்டு அறையில் தனியாக உட்கார்ந்திருந்தார். காய்ச்சல் இல்லை, தலைவலி இல்லை. திடீரென்று நாம் சாகப் போகிறோம் என்ற பயம் வந்துவிட்டது. நாமாக இருந்தால் அம்மா என்று கத்தியிருப்போம். அவர் யாரையும் கூப்பிடவில்லை. செத்தவர் மாதிரி கை கால்களை விறைப்பாக நீட்டிப் படுத்தார். வாயை இறுக மூடி மூச்சை அடக்கினார். சரி, இந்த உடம்பு செத்துவிட்டது, சுடுகாட்டுக்குக் கொண்டுபோய் எரித்துவிடுவார்கள், அதோடு நானும் செத்துவிடுவேனா என்று தனக்குள்ளேயே கேட்டுப் பார்த்தார். உடம்பு வேறு, நான் வேறு என்று அவருக்குப் பளிச்சென்று தெரிந்தது. பயம் போய்விட்டது. அதற்குப் பிறகு திரும்ப வரவே இல்லை. அந்த வீடு இப்போது ரமண மந்திரம். என் அத்தையோடு போய்ப் பார்த்தேன். வெளியே கடைவீதிச் சத்தம், உள்ளே போனால் நம்ம மூச்சு நமக்கே கேட்கிறது.

இப்படி மனசுக்குள்ளே தேடியவர்கள் வேறு நாட்டிலும் உண்டு. சீனாவில் வாங் யாங்மிங் (1472-1529) என்ற அறிஞர் இருந்தார். ஒவ்வொரு பொருளையும் ஆராய்ந்தால் உண்மை கிடைக்கும் என்று அங்கே பெரியவர்கள் எழுதி வைத்திருந்தார்கள். அதை நம்பி அவர் இளவயதில் ஒரு மூங்கிலையே ஏழு நாள் உற்றுப் பார்த்தார். காய்ச்சலில் விழுந்ததுதான் மிச்சம்! பல வருடம் கழித்து லோங்சாங் என்ற மலைக்காட்டு ஊருக்கு அவரைத் தண்டனையாக அனுப்பினார்கள். அங்கே 1508-இல் ஒரு நள்ளிரவில், தேடியது வெளியே இல்லை, மனசிலேயே இருக்கிறது என்று புரிந்துகொண்டார். ஆனால் அவர் சாமியாராகப் போகவில்லை. தெரிந்துகொள்வதும் செய்வதும் ஒன்றுதான் என்று சொல்லி, கடைசிவரை அரசாங்க வேலை பார்த்தார்.

நம்ம வேங்கடராமனோ வீட்டை விட்டுப் போனார். 1896 ஆகஸ்ட் 29. ஆங்கில இலக்கணத்தை மூன்று தடவை எழுதும்படி தண்டனை. இரண்டு தடவை எழுதிவிட்டு, நோட்டைத் தள்ளி வைத்துக் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டார். அண்ணன் திட்டினார். ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறது என்று சொல்லிக் கிளம்பினார். அண்ணனுக்குக் காலேஜ் பீஸ் கட்ட இருந்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு கடிதமும் எழுதி வைத்தார். அந்தக் கடிதம்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நான் என்று ஆரம்பிக்கும், அடுத்த வரியிலேயே தன்னை இது என்று எழுதுவார், முடிவில் கையெழுத்துக்குப் பதில் வெறும் கோடு! ரயிலிலும் நடையிலுமாகப் போய், காதுக் கடுக்கனை அடகு வைத்து, செப்டம்பர் 1-ஆம் தேதி திருவண்ணாமலை சேர்ந்தார். பிறகு 53 வருடம் அந்த ஊரை விட்டு எங்குமே போகவில்லை.

எல்லோரும் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அழகம்மாள் பக்கம்தான் மனசு போகிறது. மகன் எங்கே போனான் என்றே தெரியாமல் இரண்டு வருடம் தேடினார். 1898-இல் கண்டுபிடித்துப் போனால், மகன் சடைமுடியோடு அழுக்காக உட்கார்ந்திருக்கிறார். நாள்கணக்கில் கெஞ்சினார், அழுதார். அவர் வாயே திறக்கவில்லை. நடப்பது நடக்கும் என்கிற மாதிரி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அம்மா திரும்பிப் போய்விட்டார். 1900-இல் மூத்த மகன் நாகசாமியும் இறந்துவிட்டார். அந்த அம்மா எப்படித் தாங்கினாரோ!

1902-இல் சிவப்பிரகாசம் பிள்ளை என்பவர் நான் யார் என்று அவரிடம் கேட்டார். மணலிலும் சிலேட்டிலும் பதில் எழுதிக் காட்டினார். அதுதான் பிறகு நான் யார் என்ற புத்தகமாக வந்தது. ரமண மகரிஷி என்ற பெயர் 1907-இல் கணபதி முனிவர் வைத்தது.

இதில் ஒரு ஆச்சரியம் உண்டு. வீட்டை விட்டு வந்துவிடட்டுமா என்று கேட்ட குடும்பஸ்தர்களை அவர் வர வேண்டாம் என்றே சொல்வார். எங்கே போனாலும் மனசும் கூடவே வருமே, காட்டுக்குப் போய் என்ன பயன் என்பது அவர் எண்ணம். அவர் மட்டும் ஏன் வந்தார் என்று நான் கேட்பேன். ஆனால் வந்தவர் சும்மா இருக்கவில்லை. விடியுமுன் எழுந்து ஆசிரமச் சமையலுக்குக் காய் நறுக்குவார், சட்னி அரைப்பார். சாப்பாட்டில் தனக்கென்று ஒரு கரண்டிகூட அதிகம் வைக்கவிட மாட்டார்.

1914-இல் பார்க்க வந்த அம்மா கடும் காய்ச்சலில் விழுந்தபோது, பக்கத்திலேயே இருந்து கவனித்துக்கொண்டார். 1916-இல் அழகம்மாள் மகனோடு தங்கவே வந்துவிட்டார். மலைமேல் ஸ்கந்தாசிரமத்தில் எல்லோருக்கும் சமைத்துப் போட்டார். 1922 மே 19-இல் அவர் உயிர் பிரியும்போது, ஒரு கையை அம்மாவின் நெஞ்சிலும் ஒரு கையைத் தலையிலும் வைத்தபடி ரமணர் பக்கத்திலேயே இருந்தார். மலையடிவாரத்தில் அடக்கம் செய்தார்கள். தினமும் மலையிலிருந்து இறங்கி அங்கே வந்துகொண்டிருந்தவர், சில மாதத்தில் அங்கேயே தங்கிவிட்டார். அந்தச் சமாதியைச் சுற்றி வளர்ந்ததுதான் இன்றைய ரமணாசிரமம்.

அம்மா சமாதிமேல் கட்டிய கோயிலுக்கு 1949-இல் கும்பாபிஷேகம் நடந்தது. அடுத்த வருடம் ஏப்ரல் 14-ஆம் தேதி இரவு, புற்றுநோயால் ரமணர் காலமானார். அந்தக் கோயிலை ஒட்டியே அவரையும் அடக்கம் செய்திருக்கிறார்கள்.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி