வளைந்த விரல்களால் கண் திறந்தவர்

கூமாப்பட்டின்னு சொன்னதும் உங்களுக்கு ரீல்ஸும் பிளவக்கல் அணையும்தான் ஞாபகம் வரும். அடுத்த தடவை போறப்போ தண்ணியை மட்டும் பார்த்துட்டுத் திரும்பிடாதீங்க. திண்ணையில் உட்கார்ந்திருக்கிற ஒரு பாட்டிகிட்ட பார்வை எப்படி இருக்குன்னு கேளுங்க. பொரை விழுந்திருச்சு, வயசாச்சு, இனி என்ன இருக்குன்னு அவங்க சொல்லலாம். அந்தப் பதிலை ஏத்துக்கவே மறுத்த ஒரு மனுஷரோட கதை இது.

டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி நம்ம பக்கத்து மாவட்டத்துக்காரர். 1918 அக்டோபர் 1 அன்று, எட்டயபுரம் அருகே வடமலாபுரத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சிலேட்டுக்கு வழியில்லாமல் ஆற்று மணலில் எழுதிப் படித்தவர். உறவுக்காரப் பெண்கள் மூன்று பேர் பிரசவத்தில் இறந்ததைச் சின்ன வயசிலேயே பார்த்தார். அதனால் பிரசவ மருத்துவர் ஆகணும்னு ஆசைப்பட்டார். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் முடித்து, 1944-ல் சென்னை ஸ்டான்லியில் மருத்துவப் பட்டம் வாங்கினார்.

ராணுவ மருத்துவராக இருந்தபோது கடுமையான முடக்குவாதம் வந்தது. படுத்த படுக்கையானார். கைவிரல்கள் நிரந்தரமாக வளைந்துபோயின. பிரசவம் பார்க்கும் கனவு அங்கேயே முடிந்தது.

உங்களுக்கு விருப்பப்பட்ட பிராஞ்ச் கிடைக்கலைன்னு வருத்தமா? அவர் கண் மருத்துவம் படித்தார். வளைந்த விரல்களில் அறுவைக் கத்தியைப் பிடிக்கப் பழகினார். தன் கைக்குத் தோதான கருவிகளை உருவாக்கிக்கொண்டார். அதே கைகளால் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவை சிகிச்சைகள் செய்தார்!

1956-ல் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் துறைத் தலைவரானார். கிராமம் கிராமமாக முகாம் நடத்தினார். 1973-ல் பத்மஸ்ரீ வந்தது. 1976-ல், 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு. அப்புறம்தான் பெரிய வேலையையே ஆரம்பித்தார். வீட்டை அடமானம் வைத்து, தங்கை டாக்டர் நாச்சியார், அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி உள்ளிட்ட குடும்பத்தாருடன், 11 படுக்கைகளோடு மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார்.

இன்ஜினியரிங் படிக்கிற நாம கவனிக்க வேண்டிய இடம் இதுதான். எந்தக் கிளைக்குப் போனாலும் ஒரே தரத்தில் பர்கர் தருகிற மெக்டொனால்ட்ஸ் முறையைப் பார்த்து, கண் சிகிச்சையையும் அப்படிக் கொடுக்க முடியும்னு நம்பினார். அறுவை அரங்கில் ஒரு டாக்டருக்குப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேசைகள். ஒருவருக்குச் சிகிச்சை நடக்கும்போதே அடுத்தவர் தயாராகிவிடுவார். டாக்டரின் நேரம் வீணாகாது. ஆயத்த வேலைகளைச் செய்ய கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். பணம் கட்டுகிறவர்களின் கட்டணம், கட்ட முடியாதவர்களின் செலவையும் தாங்கியது.

கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் அப்போது வெளிநாட்டிலிருந்து வந்தது. ஒன்று சுமார் 100 டாலர். ஏழைக்கு எப்படிக் கட்டுப்படியாகும்? 1992-ல் ஆரோலேப் தொடங்கி இங்கேயே தயாரித்தார்கள். விலை சுமார் 10 டாலருக்கு இறங்கியது. இன்று அது நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது.

இதையெல்லாம் விடப் பெரிய பாடம் ஒன்று உண்டு. சிகிச்சை இலவசம்னு சொல்லியும் பலர் வரவில்லை. பஸ் காசு, சாப்பாடு, கூட வருகிறவரின் ஒரு நாள் கூலி, இவைதான் தடை. அதனால் முகாமிலேயே கண்ணைப் பரிசோதித்து, தேவைப்படுகிறவர்களைப் பஸ்ஸில் மதுரைக்கு அழைத்துப்போய், சாப்பாடும் தங்குமிடமும் கொடுத்து, சிகிச்சை முடிந்ததும் ஊரிலேயே கொண்டுவந்து விட்டார்கள். இலவசம்னா முழுசா இலவசம்.

கல்யாணம் செய்துகொள்ளாமல் இந்த வேலைக்கே வாழ்ந்த டாக்டர், 2006 ஜூலை 7 அன்று மறைந்தார்.

புதுசா ஒரு கருவி கண்டுபிடிக்கணும்னு நாம யோசிக்கிறோம். நல்லதுதான். ஆனா அந்தக் கருவிக்கும் திண்ணையில் இருக்கிற பாட்டிக்கும் நடுவில் இருக்கிற தூரத்தை யார் கணக்குப் போடுறது? அவர் போட்டார். உங்க ஊர்ப் பக்கம் அடுத்த கண் முகாம் நடக்கிறப்போ, பாட்டியைக் கைப்பிடிச்சுக் கூட்டிட்டுப் போங்க. அந்தக் கடைசிக் கொஞ்ச தூரம் நம்ம பொறுப்பு.