இரைப்பு நோயோடு 150 மைல் நடந்த ராஜாஜி

மெலிந்த உடம்பு. 51 வயது. அடிக்கடி தொல்லை கொடுக்கும் இரைப்பு நோய். இப்படிப்பட்டவர் சித்திரை வெயிலில் 150 மைல் நடக்க முடியுமா?

நடந்து காட்டினார் ராஜாஜி!

1878-ம் ஆண்டு ஓசூர் அருகே தொரப்பள்ளியில் பிறந்தவர் அவர். சேலத்தில் பேர்பெற்ற வக்கீலாக விளங்கினார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்று வக்கீல் தொழிலைத் துறந்தார். 1921 டிசம்பரில் வேலூர் சிறை சென்றார். அங்கே ஆஸ்துமா என்னும் இரைப்பு நோய் அவரை வாட்டியது. ஆனாலும் அவர் மனம் தளரவில்லை.

1930-ம் ஆண்டு உப்புச் சத்தியாக்கிரகம் தொடங்கியது. ஏப்ரல் 13-ந் தேதி சுமார் 100 தொண்டர்களுடன் ராஜாஜி திருச்சியிலிருந்து புறப்பட்டார். தொண்டர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று தஞ்சை கலெக்டர் தார்ன் மிரட்டினார். மக்கள் அஞ்சவில்லை. சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டி வைத்தார்கள்!

ராஜாஜி ஓடவில்லை. நாளொன்றுக்குச் சுமார் 10 மைல் நடந்தார். ஏப்ரல் 28-ந் தேதி வேதாரண்யம் சேர்ந்தார். 30-ந் தேதி உப்புச் சட்டத்தை மீறிக் கைதானார். பிற்காலத்தில் இந்தியாவின் கவர்னர் ஜெனரலானார். 1972-ம் ஆண்டு, 94-வது வயதில் காலமானார்.

அவர் நடந்த காலத்தில், அழுத்தியதும் மருந்தைப் பீய்ச்சும் கை இன்ஹேலர் கிடையாது. அது 1956-ல்தான் வந்தது. இன்று அந்த வசதி இருக்கிறது.

வேகமாக ஓடும்போது வாயால் மூச்சு வாங்குகிறோம். உலர்ந்த காற்று உள்ளே போய், மூச்சுக் குழாயின் ஈரத்தை உறிஞ்சுகிறது. இரைப்பு உள்ளவர்களுக்கு உடனே குழாய் சுருங்கும்; நெஞ்சு இறுகும்; இருமல் வரும்.

இதற்கு வழி உண்டு. டாக்டர் சொல்லியிருந்தால், ஓடுவதற்குக் கால் மணி நேரம் முன்பு இன்ஹேலர் மருந்தை இழுக்க வேண்டும். முதல் பத்து நிமிடம் மெதுவாக நடந்து உடம்பைப் பழக்க வேண்டும். கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் போன்ற தொழிற்சாலைப் பகுதிகளில் இருப்பவர்கள், லாரிப் புகையும் தூசியும் இல்லாத இடமாகப் பார்த்து ஓடுவது நல்லது. சளி, காய்ச்சல் உள்ள நாளில் ஓடக் கூடாது.

மூச்சு இழுத்தால் உடனே நிற்க வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்து, டாக்டர் கொடுத்த மருந்தை இழுக்க வேண்டும். அப்படியும் அடங்காவிட்டால் ஆஸ்பத்திரிக்கு விரைய வேண்டும். இன்ஹேலர் எப்போதும் சட்டைப்பையிலேயே இருக்கட்டும்.

இரைப்பு என்பதற்காகப் பிள்ளைகளை மூலையில் உட்கார வைக்க வேண்டாம். அளவறிந்து கால் வைத்தால் அவர்களும் நெடுந்தூரம் போகலாம்!