கைவிளக்கும் ஏந்தினார், கணக்கும் போட்டார்!

நள்ளிரவு நேரம். ஆஸ்பத்திரியின் நீண்ட கூடத்தில் சிப்பாய்கள் வரிசையாகப் படுத்துக் கிடக்கிறார்கள். கையில் விளக்குடன் ஒரு பெண்மணி வருகிறார். ஒவ்வொரு படுக்கையின் அருகிலும் நின்று உற்றுப் பார்க்கிறார்.

அவர்தான் புளோரன்ஸ் நைட்டிங்கேல். நர்சு வேலைக்கு மதிப்புத் தேடித் தந்த மாதரசி.

பணக்கார வீட்டுப் பெண்

1820-ம் ஆண்டு மே மாதம் 12-ந் தேதி, இத்தாலியில் உள்ள புளோரன்ஸ் நகரில் பிறந்தார். ஊரின் பெயரையே குழந்தைக்குச் சூட்டினார்கள். பெற்றோர் இங்கிலாந்தைச் சேர்ந்த பெரும் பணக்காரர்கள். தகப்பனாரே மகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். கணக்கு என்றால் புளோரன்சுக்கு உயிர்.

நோயாளிகளுக்குப் பணிவிடை செய்யப் போவதாக மகள் சொன்னதும், வீட்டில் இடி விழுந்தது போல் ஆயிற்று. அந்தக் காலத்தில் நர்சு வேலை கவுரவமான வேலை அல்ல. தாயாரும் தமக்கையும் தடுத்தார்கள். அவர் அசையவில்லை. கல்யாணமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். 1851-ல் ஜெர்மனியில் உள்ள கைசர்ஸ்வெர்த் என்ற ஊருக்குப் போய்ப் பயிற்சி பெற்றார்.

போர்க்கால ஆஸ்பத்திரி

ரஷியாவுடன் கிரீமியா யுத்தம் மூண்டது. காயம்பட்ட பிரிட்டிஷ் சிப்பாய்கள், துருக்கியில் ஸ்குட்டாரி என்ற இடத்தில் இருந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகப்பட்டார்கள். மந்திரி சிட்னி ஹெர்பர்ட் கேட்டுக்கொண்டபடி, 1854 நவம்பரில் 38 பெண்களுடன் நைட்டிங்கேல் அங்கே போய்ச் சேர்ந்தார்.

எங்கு பார்த்தாலும் அழுக்கு. எலியும் பேனும் நிறைந்திருந்தன. கட்டில் இல்லை, மாற்றுத்துணி இல்லை. சமையல் அறையைச் சீர்படுத்தினார். துணி வெளுக்க ஏற்பாடு செய்தார். இரவு பகலாக உழைத்தார்.

ஆனால் சாவு குறையவில்லை, ஏறிக்கொண்டே போயிற்று! 1855 பிப்ரவரியில், சிகிச்சை பெற்றவர்களில் 100-க்கு 42 பேர் மாண்டார்கள்.

காரணம், காலுக்கு அடியிலேயே இருந்தது. ஆஸ்பத்திரியின் கீழே சாக்கடை அடைத்துக்கொண்டு கிடந்தது. மார்ச் மாதம் இங்கிலாந்தில் இருந்து சுகாதாரக் குழு ஒன்று வந்தது. சாக்கடையைச் சுத்தம் செய்தார்கள். தண்ணீரைச் சீர்படுத்தினார்கள். காற்று வர வழி செய்தார்கள். ஜூன் மாதம் சாவு 100-க்கு 2 ஆகக் குறைந்தது.

மறைக்கவில்லை

யுத்தம் முடிந்தது. நாடே அவரைப் புகழ்ந்தது. அந்தப் புகழில் அவர் மயங்கவில்லை. புள்ளிவிவர நிபுணர் வில்லியம் பார் என்பவருடன் சேர்ந்து, இறந்தவர்களின் கணக்கை எடுத்தார்.

கணக்கு சொன்ன உண்மை கொடியது. குண்டடிபட்டு இறந்தவர்களைவிட, தடுக்கக்கூடிய நோயால் இறந்தவர்களே மிக அதிகம். அதுவும், அவர் வேலை பார்த்த ஸ்குட்டாரியிலேயே சாவு மிகுதி!

வேறு ஒருவராக இருந்தால் இதை மூடி மறைத்திருப்பார். நைட்டிங்கேல் அதை அறிக்கையாக எழுதினார். கணக்குப் புரியாதவர்களும் பார்த்த உடனே அறியும்படி, நோய்க்கு நீலம், காயத்துக்குச் சிவப்பு என்று வண்ணம் தீட்டிய வட்டப் படங்களை 1858-ல் வெளியிட்டார்.

நம் நாட்டுக்கு அவர் வந்ததே இல்லை. ஆனாலும் இங்கிருந்த பட்டாளங்களின் சுகாதாரம் பற்றி, ஊர் ஊராகக் கேள்வித்தாள் அனுப்பி விவரம் திரட்டினார். சாக்கடையும் குடிதண்ணீரும் சீராகவேண்டும் என்று 1863-ல் வந்த அறிக்கையில் வற்புறுத்தினார்.

கண்ணால் பார்ப்பதே கலை

1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் நர்சுப் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. அன்பு மட்டும் போதாது, பார்க்கத் தெரியவேண்டும் என்பது அவர் கொள்கை. நோயாளி எத்தனை மணி நேரம் தூங்கினார்? தட்டில் வைத்த உணவில் எவ்வளவு உள்ளே போயிற்று? நேற்றைக்கு இன்று முகம் எப்படி இருக்கிறது? இவற்றைக் கவனித்துச் சரியாகச் சொன்னால்தான் டாக்டருக்கு உதவி. சுமாராக இருக்கிறார் என்று பொதுவாகச் சொல்வதால் பயன் இல்லை.

1910 ஆகஸ்டு 13-ந் தேதி, தமது 90-வது வயதில் காலமானார். அவர் பிறந்த மே 12-ந் தேதி, உலக நர்சுகள் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

நம் வீட்டில் ஒருவர் நோயில் படுத்தாலும் இதே பாடம்தான். ஜன்னலைத் திறந்து வையுங்கள். கையைக் கழுவுங்கள். அருகில் அமர்ந்து உற்றுக் கவனியுங்கள். கண்டதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.