தொழிற்சாலைக்குள் நுழைந்த டாக்டர்: ஆலிஸ் ஹாமில்டன்



உங்களுக்கு ஒரு சின்ன வேலை. கீழே நிற்கிற பைக்கின் பெட்ரோல் டேங்கை ஒருமுறை உற்றுப் பாருங்க. பல வண்டிகளில் மூடிக்குப் பக்கத்திலேயே ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அன்லெடட் பெட்ரோல் மட்டும் போடவும் என்று. அதாவது ஈயம் கலக்காத பெட்ரோல். பெட்ரோலில் போய் யாராவது ஈயத்தைக் கலப்பாங்களா என்று தோன்றுகிறதா? கலந்தார்கள். அதுவும் நம்மைப் போல இன்ஜினியரிங் படித்தவர்கள்தான். பல பத்தாண்டுகள் உலகம் முழுக்க அந்தப் பெட்ரோலில்தான் வண்டிகள் ஓடின. அது வேண்டாம் என்று 1925லேயே எழுந்து நின்று சொன்னவர்களில் ஒருவர் ஒரு பெண் டாக்டர். பெயர் ஆலிஸ் ஹாமில்டன். இந்த இதழில் அவருடைய கதைதான்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். இந்தக் கட்டுரையில் ஈயம் என்றால் காரீயம். பாட்டி ரசம் வைக்கிற ஈயச் சொம்பு வெள்ளீயம். அது வேற, இது வேற. இரண்டையும் குழப்பிக்க வேண்டாம்.

அறிவியலே தெரியாமல் டாக்டர் கனவு

ஆலிஸ் பிறந்தது 1869 பிப்ரவரி 27, நியூயார்க்கில். வளர்ந்தது அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் உள்ள ஃபோர்ட் வேன் என்ற ஊரில். வசதியான குடும்பம்தான். பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். மொழிகளும் இலக்கியமும் நிறையக் கிடைத்தன, கணக்கும் அறிவியலும் கிட்டத்தட்ட இல்லை. பிறகு அப்பாவின் மளிகை மொத்த வியாபாரம் நொடித்துப் போனது. இனி சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்ற நிலை வந்தபோது ஆலிஸ் மருத்துவத்தைத் தேர்ந்தெடுத்தார். டாக்டராக இருந்தால் எந்த ஊருக்கும் போகலாம், எந்த மக்களுக்கும் பயன்படலாம் என்பது அவர் கணக்கு.

ஆனால் அடிப்படையே இல்லையே? இயற்பியலும் வேதியியலும் ஆரம்பத்திலிருந்து தனியாகப் படித்தார். 1893இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் வாங்கினார். அரியர் வைத்துவிட்டு எல்லாம் முடிந்தது என்று உட்கார்ந்திருக்கும் நண்பர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கவும்!

அடுத்து அக்கா ஈடித்துடன் ஜெர்மனிக்குப் போனார். (இந்த ஈடித் ஹாமில்டன் பின்னாளில் கிரேக்க இலக்கியம், புராணங்கள் பற்றி எழுதிப் புகழ்பெற்றவர்.) அங்கே பெண்களுக்குப் பட்டம் கிடையாது. யார் கண்ணையும் உறுத்தாமல் ஒரு ஓரமாக உட்கார்ந்து பாடம் கேட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஆலிஸ் உட்கார்ந்து கேட்டார்.

ஹல் ஹவுஸும் ஒரு தவறும்

1897இல் சிகாகோவில் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரி ஒன்றில் பேராசிரியர் வேலை கிடைத்தது. தங்கியது ஹல் ஹவுஸில். ஜேன் ஆடம்ஸ் என்ற சமூக சேவகி, தோழி ஒருவருடன் சேர்ந்து 1889இல் தொடங்கிய இல்லம் அது. படித்தவர்கள் ஏழைகளின் தெருவிலேயே குடியிருந்து, அவர்களோடு பழகி வேலை செய்ய வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். சுற்றிலும் இத்தாலி, கிரீஸ், போலந்து என்று பல நாடுகளிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர்கள். ஆலிஸ் அங்கே 22 வருடங்கள் இருந்தார். குழந்தைகளுக்கு ஒரு கிளினிக்கும் நடத்தினார்.

1902இல் அந்தப் பகுதியில் டைஃபாய்டு பரவியது. கழிவறைகளிலிருந்து ஈக்கள்தான் கிருமியைக் கொண்டுவருகின்றன என்று ஆலிஸ் ஆராய்ச்சி செய்து எழுதினார். ஊரே பாராட்டியது, நகரச் சுகாதாரத் துறையில் மாற்றங்கள் நடந்தன. பிறகுதான் உண்மை தெரிந்தது. பம்பிங் நிலையத்தில் ஏற்பட்ட உடைப்பால் சாக்கடை நீர் மூன்று நாட்கள் குடிநீர்க் குழாயில் கலந்திருக்கிறது. அதிகாரிகள் அதை மறைத்துவிட்டார்கள். தன் முடிவு தவறு என்பதை ஆலிஸ் பிறகு சுயசரிதையில் வெளிப்படையாக எழுதினார். அதற்குக் கிடைத்த பாராட்டு வாழ்நாள் முழுக்க அவரை உறுத்தியது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இதற்கப்புறம் அவர் செய்த வேலைகளில் ஆதாரம் விஷயத்தில் அவ்வளவு கறாராக இருந்தார்.

கையைக் கழுவவில்லை என்ற சாக்கு

ஹல் ஹவுஸ் தெருக்களில் விசித்திரமான நோயாளிகள் வந்தார்கள். சிலருக்கு மணிக்கட்டு தளர்ந்து கை தொங்கிவிடும், ஒரு டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாது. சிலருக்கு வயிற்றைப் பிடித்து முறுக்கும் வலி. ஈறுகளில் நீலக்கோடு. எல்லாம் ஈய நச்சின் அடையாளங்கள். தொழில்நோய்கள் பற்றி இங்கிலாந்தின் தாமஸ் ஆலிவர் எழுதிய புத்தகத்தை ஆலிஸ் படித்தார். அப்போதுதான் அவருக்கு ஒன்று புரிந்தது. ஐரோப்பிய நாடுகளில் இதற்கெல்லாம் சட்டமும் பரிசோதனையும் உண்டு. அமெரிக்காவில் ஒன்றுமே இல்லை.

1910இல் இல்லினாய்ஸ் மாநில அரசு தொழில்நோய்களைப் பற்றி ஒரு ஆய்வு நடத்தியது. அமெரிக்காவில் ஒரு மாநிலம் இப்படிச் செய்தது அதுதான் முதல்முறை. அதை நடத்தும் பொறுப்பு ஆலிஸிடம் வந்தது. அவர் எடுத்துக்கொண்ட பகுதி ஈயம்.

முதலாளிகளைக் கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். எங்கள் ஆலையில் ஒன்றும் இல்லை, தொழிலாளிகள் கையைக் கழுவாமல் சாப்பிடுகிறார்கள், நகத்தைச் சுத்தம் செய்வதில்லை, அதனால்தான் நோய் வருகிறது. பழி முழுக்கத் தொழிலாளி தலையில். அது உண்மையா என்று பார்க்க ஆலிஸ் ஆலைகளுக்குள் போனார். உள்ளே விட வேண்டும் என்று கட்டாயப்படுத்த அவருக்கு எந்த அதிகாரமும் கிடையாது. கேட்டுக் கேட்டுத்தான் போனார். மருத்துவமனைப் பதிவேடுகளைப் புரட்டினார். தொழிலாளிகளின் வீட்டுக் கதவைத் தட்டினார்.

ஒரு சம்பவம் பாருங்க. குளியல் தொட்டிகளுக்கு எனாமல் பூசும் ஆலை ஒன்றுக்குப் போனார். எல்லாம் சுத்தமாக இருந்தது, ஆபத்து எதுவும் கண்ணில் படவில்லை. பிறகு ஈய நச்சால் படுத்திருந்த போலந்துத் தொழிலாளி ஒருவரை வீட்டில் போய்ப் பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அவருக்குக் காட்டியது கடைசிக் கட்ட வேலையை மட்டும்தான். உண்மையான வேலை வேறு கட்டடத்தில். அங்கே பழுக்கக் காய்ச்சிய இரும்புத் தொட்டியின் மேல் எனாமல் பொடியைத் தூவுவார்கள். அந்தப் பொடியில் ஈயம். சூட்டில் தூசி மேலே கிளம்பும், தூவுகிறவர் அதை மூச்சில் இழுப்பார். எத்தனை முறை கையைக் கழுவினால் என்ன?

ஈயம் முக்கியமாக உள்ளே போவது தூசியாகவும் புகையாகவும், மூச்சின் வழியாக. இதுதான் அவர் கண்டுபிடிப்பின் மையம். நோய்க்குக் காரணம் தொழிலாளியின் நகம் அல்ல, வேலை நடக்கும் முறை. அதாவது டிசைன். அப்படியென்றால் தீர்வும் அங்கேதான் இருக்க வேண்டும். தூசி கிளம்பும் இடத்திலேயே மூடி போட்டு உறிஞ்சி வெளியேற்றலாம். பொடியை ஈரமாக்கி வேலை செய்யலாம். இது எதுவும் டாக்டர் எழுதிக் கொடுக்கும் மருந்தில் கிடைக்காது. இன்ஜினியர் செய்ய வேண்டிய வேலை.

நேஷனல் லெட் கம்பெனியின் உயர் அதிகாரி எட்வர்ட் கார்னிஷிடம் ஆலிஸ் இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. நிரூபித்தால் நீங்கள் சொல்வதைச் செய்கிறேன் என்றார். ஆலிஸ் திரும்பிப் போய், மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 22 பேரின் பதிவுகளைக் கொண்டுவந்து வைத்தார். கார்னிஷும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். தூசியைத் தடுக்கும் ஏற்பாடுகள் வந்தன, தொழிலாளிகளை டாக்டர் பார்க்கும் முறையும் வந்தது. 1911இல் இல்லினாய்ஸில் தொழில்நோய்ச் சட்டமே வந்துவிட்டது.

அதே ஆண்டு மத்திய அரசு அவரை நாடு முழுக்க ஆய்வு செய்யக் கூப்பிட்டது. மாதச் சம்பளம் கிடையாது. அறிக்கையை முடித்துக் கொடுத்தால் அதற்குப் பணம். ஆலைக்குள் நுழையும் அதிகாரம் அப்போதும் இல்லை. ஆனாலும் போனார். முதல் உலகப் போரின்போது வெடிமருந்து ஆலைகள் எங்கே இருக்கின்றன என்பதே ரகசியம். வானத்தில் மஞ்சளும் ஆரஞ்சுமாக எழும் புகையைப் பார்த்தும், வெடிமருந்தால் தோல் மஞ்சளாகிப்போன தொழிலாளிகளைப் பார்த்தும் அவர் ஆலைகளைக் கண்டுபிடித்தார்.

மெக்கானிக்கல் நண்பர்களுக்கு இன்னொன்று. 1918இல் இண்டியானாவின் பெட்ஃபோர்ட் கல்குவாரிகளில் காற்றழுத்தச் சுத்தியல் பிடித்து வேலை செய்தவர்களின் விரல்கள் குளிரில் வெளுத்து மரத்துப் போவதை ஆராய்ந்தார். காரணம் கருவியின் அதிர்வு. இன்றைக்கு வைப்ரேஷன் பாடத்தில் நாம் படிப்பதற்கும் மனித விரலுக்கும் இருக்கும் தொடர்பு அது.

ஹார்வர்டின் மூன்று நிபந்தனைகள்

1919இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் அவரை உதவிப் பேராசிரியராக நியமித்தது. ஹார்வர்டின் முதல் பெண் ஆசிரியர் அவர்தான். பெருந்தன்மையால் வந்த வேலை என்று நினைக்காதீங்க. அந்தத் துறையில் அவருக்கு இணையாகத் தெரிந்த ஆண் யாரும் கிடைக்கவில்லை! அதிலும் மூன்று நிபந்தனைகள். ஆசிரியர் கிளப்புக்குள் வரக்கூடாது. கால்பந்துப் போட்டிக்கு ஆசிரியர்களுக்கான டிக்கெட் கேட்கக்கூடாது. பட்டமளிப்பு விழா ஊர்வலத்தில் நடக்கக்கூடாது. ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரி பெண்களை மாணவிகளாகச் சேர்த்துக்கொண்டது 1945இல்தான் என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

1925இல் அமெரிக்கத் தொழிற்சாலை நச்சுகளைப் பற்றி அவர் எழுதிய பாடநூல் வெளிவந்தது. அந்தத் துறைக்கே அடிப்படை நூல் அது. ஆனால் 1935இல் ஓய்வு பெறும்போதும் அவர் உதவிப் பேராசிரியர்தான். 16 வருடங்களில் ஒரு பதவி உயர்வுகூட இல்லை.

தோற்றுப்போன சண்டை

இப்போது அந்த ஸ்டிக்கருக்கு வருவோம். 1921இல் ஜெனரல் மோட்டார்ஸில் தாமஸ் மிட்ஜ்லி என்ற மெக்கானிக்கல் இன்ஜினியர், என்ஜின் நாக்கிங்கைத் தடுக்க டெட்ராஎத்தில் லெட் என்ற ஈயச் சேர்மம் உதவும் என்று கண்டுபிடித்தார். கொஞ்சம் கலந்தால் போதும், என்ஜின் சத்தமில்லாமல் இழுக்கும். 1924இல் நியூஜெர்சியில் அதைத் தயாரித்த சுத்திகரிப்பு ஆலையில் நச்சு ஏறி ஐந்து தொழிலாளிகள் மனநிலை தடுமாறி இறந்தார்கள். பத்திரிகையாளர்கள் முன்னால் மிட்ஜ்லி அந்தத் திரவத்தைக் கையில் ஊற்றிக் காட்டி, பயப்பட ஒன்றுமில்லை என்றார். ஏற்கெனவே ஈய நச்சு ஏறி அவரே ஓய்வெடுக்கப் போனவர் என்பதுதான் இதில் வேடிக்கை.

1925 மே மாதம் வாஷிங்டனில் இதற்காக ஒரு கூட்டம் நடந்தது. ஆலிஸும் போனார். ஆலைக்குள் என்றால் மூடி போட்டு உறிஞ்சலாம், தெருவில் ஓடும் ஒவ்வொரு காருக்கும் பின்னால் யார் மூடி போடுவது? ஈயம் புழங்கிய இடத்தில் எல்லாம் ஈய நச்சு வந்தே தீர்ந்திருக்கிறது, வேறு பொருளைத் தேடுங்கள் என்பது அவர் வாதம். எடுபடவில்லை. ஒரு குழு போட்டார்கள், சில மாதங்கள் ஆய்வு நடந்தது, தடை செய்யப் போதுமான காரணம் இல்லை என்று 1926இல் முடிவானது. விற்பனை மறுபடி தொடங்கியது.

இந்தியாவில் ஈயப் பெட்ரோல் முழுமையாக நின்றது 2000ஆம் ஆண்டில். உலகத்திலேயே கடைசியாக அல்ஜீரியா நிறுத்தியது 2021இல். வாஷிங்டன் கூட்டத்திலிருந்து கணக்குப் போட்டால் 96 வருடங்கள். அத்தனை தலைமுறைக் குழந்தைகள் அந்தக் காற்றைச் சுவாசித்திருக்கிறார்கள்.

ஆலிஸ் அதோடு சோர்ந்து உட்காரவில்லை. 70 வயதை நெருங்கும்போதும் ரேயான் ஆலைகளில் கார்பன் டைசல்பைடு நச்சைப் பற்றிய ஆய்வை நடத்தினார். 1943இல் சுயசரிதை எழுதினார். 1970 செப்டம்பர் 22 அன்று 101 வயதில் காலமானார். மூன்றே மாதங்களில், டிசம்பர் 29 அன்று, தொழிலாளர் பாதுகாப்பு மற்றும் ஆரோக்கியத்துக்கான நாடு தழுவிய சட்டம் அமெரிக்காவில் கையெழுத்தானது. அவர் அதைப் பார்க்கவில்லை.

நமக்கென்ன இதில்?

2025 வரை நடப்பில் இருந்த நம் நாட்டின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில், வந்தால் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியல் ஒன்று இருந்தது. அதில் முதல் பெயரே ஈய நச்சுதான். தொழில் மருத்துவம் என்ற துறையும் இங்கே உண்டு. சென்னை தரமணியில் உள்ள மண்டலத் தொழிலாளர் நிலையத்தில் டாக்டர்களுக்குத் தொழில் ஆரோக்கியப் படிப்பும், இன்ஜினியர்களுக்குத் தொழிற்பாதுகாப்புப் படிப்பும் நடக்கின்றன. கேம்பஸ் இன்டர்வியூ பேச்சில் அடிபடாத துறை இது. ஆர்வம் இருப்பவர்கள் விசாரித்துப் பாருங்கள்.

அந்தத் துறைக்குப் போகாவிட்டாலும் பரவாயில்லை. நாளைக்கு நாம் ஏதோ ஒரு ஆலையில் வேலைக்குச் சேர்வோம். அங்கே யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போகும். அவர் மாஸ்க் போடவில்லை சார், கையைக் கழுவவில்லை சார் என்று ஒருவர் நம்மிடம் வந்து சொல்வார். அப்போது அந்த எனாமல் ஆலையை நினைத்துக்கொள்ளுங்கள். நமக்குக் காட்டாத கட்டடம் ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். போய்ப் பாருங்கள்.

அடுத்த இதழில் வேறொருவரோடு சந்திப்போம்.